விமானத்தில் ஹார்ட் டிஸ்க் கொண்டு செல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கலுக்கோ, தீபாவளிக்கோ, உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கோ சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் புறப்படும் நம்மவர் பலரின் பையில் இப்போதெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் இருக்கிறது. பிள்ளைகளின் பத்தாண்டுப் படங்கள், வளைகாப்புக் காணொளி, மறைந்த தாத்தாவின் குரல் பதிவு என மறுபடி கிடைக்காதவையெல்லாம் அந்தக் கையடக்கப் பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. கணினிப் பராமரிப்பு வேலையில் நெடுநாள் இருப்பவன் என்பதால், பயணத்துக்கு முந்தைய வாரம் நண்பர்களும் அண்டை வீட்டாரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. நான் கண்டவரை, மக்கள் அஞ்சுவது ஒன்றுக்கு. வட்டை, அதாவது ஹார்ட் டிஸ்க்கை, கெடுப்பது வேறொன்று. அந்த வேறுபாட்டை விளக்குவதற்காகவே இந்தப் பதில்களைத் தொகுத்து எழுதியிருக்கிறேன்.

விமான நிலையத்தின் எக்ஸ்ரே கருவிக்குள் போனால் ஹார்ட் டிஸ்க்கில் உள்ளவை அழிந்துவிடுமா?

அழியாது. ஹார்ட் டிஸ்க்கில் தரவு காந்தத் துகள்களின் திசையாகப் பதிந்திருக்கிறது. அந்தத் திசையை மாற்ற வலுவான காந்தப்புலம் வேண்டும், எக்ஸ்ரே கதிருக்கு அந்த ஆற்றல் கிடையாது. பையைச் சுற்றிச் சுற்றிப் படமெடுக்கும் புதிய வகை சிடி ஸ்கேனர்களுக்கும் இதே பதில்தான். நாம் நடந்து கடக்கும் உலோகம் கண்டறியும் வாசலில் ஒரு காந்தப்புலம் இருப்பது உண்மை என்றாலும், அது வட்டின் பதிவை அசைக்கும் அளவுக்குச் சிறிதும் போதாது. சுழலும் பாகமில்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, தம்ப் டிரைவ், கேமரா அட்டை ஆகியவற்றுக்கும் பைச் சோதனையில் படும் கதிர்வீச்சு தீங்கு செய்வதில்லை.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்றால், ஃபிலிம் சுருள் காலத்திலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். கழுவப்படாத ஃபிலிம் எக்ஸ்ரேயில் பட்டால் புகைபடியும் என்பது உண்மையான எச்சரிக்கை. ஃபிலிம் போய் வட்டு வந்தபோது, எச்சரிக்கை மட்டும் அப்படியே வட்டின் மேல் ஏறிக்கொண்டது.

அப்படியானால் பாதுகாப்புச் சோதனையில் கவலைப்பட எதுவுமே இல்லையா?

கதிரைப் பற்றிக் கவலை வேண்டாம். சோதனைக்குப் பொருள்களை வைக்கும் தட்டைப் பற்றிக் கவலைப்படுங்கள். சாங்கி விமான நிலையத்தின் நான்காம் முனையத்தில் எல்லாப் பயணிகளுக்கும் ஒரே இடத்தில் சோதனை நடக்கிறது, அங்குள்ள சிடி ஸ்கேனர்களால் மடிக்கணினியைக்கூட வெளியே எடுக்க வேண்டியதில்லை. மற்ற முனையங்களில் விமானம் ஏறும் வாயிலருகே சோதனை நடப்பதால், கடைசி நேரத்தில் வந்து சேர்பவர்கள் அவசர அவசரமாகப் பையைக் கலைப்பதைப் பார்க்கலாம். இந்திய விமான நிலையங்களில் மின்னணுப் பொருள்களை வெளியே எடுத்துத் தனித் தட்டில் வைக்கச் சொல்வது வழக்கம். திரும்பி வரும்போதும் இது நடக்கும். உறையில்லாத வட்டைத் தட்டில் வைத்தால், சோதனைப் பட்டையின் முடிவில் உருளைகள் மீது ஒரு தட்டு இன்னொன்றில் மோதும்போது அது அப்படியே அடி வாங்கும், அல்லது யாராவது தட்டிலிருந்து தம் இடுப்புப் பெல்ட்டை இழுக்கும் வேகத்தில் கீழே விழும்.

ஆகவே வட்டை அதன் கெட்டியான உறையோடு, தட்டின் நடுவில், படுக்கைவாட்டில் வையுங்கள். மறுபக்கம் போனதும் காலணியையும் பெல்ட்டையும் மாட்டுவதற்கு முன் முதலில் அதை எடுத்துப் பையில் வையுங்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்கு உண்மையான ஆபத்துதான் எது?

விழுவது. மற்றவையெல்லாம் இதற்குப் பிறகுதான் வருகின்றன.

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படித்து எழுதும் முனை அந்தத் தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில், காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. மனிதத் தலைமுடியின் பருமன் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு. மின்சாரம் நின்றதும் முனை தட்டைவிட்டு விலகி ஓரத்திலுள்ள தாங்கியில் போய் அமர்ந்துகொள்வதால், ஓடாத வட்டு ஓடும் வட்டைவிட அடி தாங்கும். 3.5 அங்குல மேசைக்கணினி வட்டு அணைந்திருக்கும்போது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 250 முதல் 300 மடங்கு அதிர்ச்சியையும், ஓடும்போது 70, 80 மடங்கையும் தாங்கும் என்று விவரத்தாள்களில் பொதுவாகக் காணலாம். 2.5 அங்குலக் கையடக்க வட்டு அணைந்திருக்கும்போது 800, 1,000 மடங்கு வரை தாங்கும்.

300 மடங்கு என்றால் ஏதோ பெரிய விபத்து போலத் தோன்றும். ஆனால் கணக்கு மிக எளியது: விழுந்த உயரத்தை, தரையைத் தொட்டபின் நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால் ஏறக்குறைய அந்த மடங்கு கிடைக்கும். 75 சென்டிமீட்டர் உயரமுள்ள மேசையிலிருந்து பளிங்குத் தரையில் விழும் வட்டு ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், 750 மடங்கு. அதே வட்டைச் சுற்றியிருக்கும் நுரைப்பஞ்சு 15 மில்லிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால், 50 மடங்கு. உறையின் பெயரும் விலையும் இரண்டாம் பட்சம். அமுங்குவதற்கு இடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

எதில் வைத்துக் கட்டுவது? சேலைகளுக்கு நடுவில் வைத்தால் போதாதா?

போதாது. மடித்து இறுக்கி அடுக்கிய துணி, பெட்டியை மூடி அழுத்தியதும் ஏறக்குறையப் பலகைபோல் ஆகிவிடுகிறது. அமுங்க அதில் இடம் மிச்சமில்லை. மேலும் பெட்டி நகரும்போது வட்டு துணிகளுக்கிடையே சரிந்து ஓரத்துக்கு வந்துவிடும், ஓரத்தில்தான் அடி விழும்.

உறையுள்ள கையடக்க வட்டுக்கு உள்ளே நுரை பதித்த கெட்டியான ஜிப் உறை ஒன்று போதும். சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்குவேர், முஸ்தஃபா கடைகளில் எளிதாகக் கிடைக்கும். யூஎஸ்பி கம்பியை வட்டோடு மாட்டிய நிலையிலேயே உறைக்குள் திணிக்காதீர்கள். வட்டு தப்பித்தாலும் செருகும் துளை வளைந்து உடைந்துபோவதை அடிக்கடி பார்க்கிறேன்.

கணினிக்குள்ளிருந்து கழற்றிய வெறும் வட்டாக இருந்தால், முதலில் நிலைமின்னைத் தடுக்கும் பையில் இடுங்கள். வெள்ளிநிறத்தில் மினுங்கும் பையே வெளியிலிருந்து வரும் மின்பாய்ச்சலைத் தடுக்கும். இளஞ்சிவப்புப் பை தன்னளவில் நிலைமின்னை உண்டாக்காது, அவ்வளவே. அதன் மேல் எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நுரைப்பஞ்சு வரும்படி சுற்றி, ஆடாத அளவான பெட்டியில் வையுங்கள். சமையலறைப் பிளாஸ்டிக் உறையையும் தெர்மகோலையும் வெறும் மின்சுற்றுப் பலகையின் மேல் நேரடியாகப் படவிடாதீர்கள், அவை உரசி நிலைமின்னை உண்டாக்கும்.

கைப்பையிலா, செக்-இன் பெட்டியிலா?

கைப்பையில். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

செக்-இன் பெட்டி நம் கையைவிட்டுப் போனபின் நீண்ட கன்வேயர் பட்டைகளிலும் சரிவுகளிலும் போய், கையால் தூக்கிப்போட்டு அடுக்கப்பட்டு, மேலே வேறு பெட்டிகளைச் சுமந்து பறக்கிறது. அது வழிதவறலாம், திறக்கப்படலாம், மழையில் நனையலாம். சேதத்துக்கு இழப்பீடு கேட்கலாமே என்பீர்கள். சிங்கப்பூரும் இந்தியாவும் ஏற்றுள்ள மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி பயணப்பெட்டிகளுக்கான விமான நிறுவனத்தின் பொறுப்பு, 2024 டிசம்பர் 28 முதல், ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் என்னும் பன்னாட்டுப் பண அலகு வரைதான். சேதத்தைப் பெட்டி கைக்கு வந்த 7 நாள்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பல நிறுவனங்கள் எளிதில் உடையும் மின்னணுப் பொருள்களைச் செக்-இன் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று தங்கள் விதிகளில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கின்றன. எப்படியானாலும் பேச்சு பொருளின் விலையைப் பற்றித்தான். அதற்குள் இருந்த படங்களுக்கு யாரும் விலை போட மாட்டார்கள்.

எடை ஒரு தடையாக இருக்காது. கையடக்க வட்டு 150 முதல் 250 கிராம், 3.5 அங்குல வட்டு சுமார் 700 கிராம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எகானமி வகுப்பில் 7 கிலோ கைப்பை அனுமதி இருப்பதால், ஊறுகாய் டப்பாவும் மைலோவும் செக்-இன் பெட்டிக்குப் போகட்டும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். விமானம் நிரம்பியிருந்தால், மேலே இடமில்லை என்று வாயிலிலேயே உங்கள் உருளைப் பெட்டியை வாங்கிக் கீழே அனுப்பிவிடக்கூடும். அப்போது பெட்டியைப் பிரித்து வட்டைத் தேட நேரம் இருக்காது. அதனால் வட்டை எப்போதும் ஒரே இழுப்பில் வெளியே எடுக்கக்கூடிய சிறு பையில் தனியாக வையுங்கள். இருக்கையில் முன்னிருக்கைக்கு அடியில் வைப்பது மேலறையில் வைப்பதைவிட நல்லது, ஏனெனில் மேலறையைத் திறக்கும்போது விழுவதும் மற்றவர் பெட்டி நசுக்குவதும் அங்கே நடக்காது.

உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் வட்டு கெடுமா?

கெடாது. பயணிகள் பகுதியின் அழுத்தம் அதிகபட்சம் 2,438 மீட்டர் உயரத்துக்கு, அதாவது 8,000 அடிக்கு, இணையாக வைக்கப்படுகிறது. சாதாரண ஹார்ட் டிஸ்க்குகள் ஓடும்போது 3,048 மீட்டர் வரையும், அணைந்திருக்கும்போது 12,192 மீட்டர் வரையும் தாங்கும்படி செய்யப்பட்டவை. சரக்கறையும் அழுத்தம் ஊட்டப்பட்டதுதான். காற்று நிரப்பிய வட்டுகளில் அழுத்தத்தைச் சமன்செய்ய வடிகட்டியோடு ஒரு சிறு துளை இருக்கும். "இதை மூடாதே" என்று எழுதியிருக்கும் அந்தத் துளையின் மேல் டேப் ஒட்டாதீர்கள். 2013 முதல் விற்பனைக்கு வந்த ஹீலியம் நிரப்பிய பெரிய கொள்ளளவு வட்டுகள் முற்றிலும் மூடப்பட்டவை, அவற்றில் இந்தத் துளை கிடையாது.

பறக்கும்போதே மடிக்கணினியில் மாட்டிப் படம் பார்க்கலாமா?

ஹார்ட் டிஸ்க் என்றால் வேண்டாம். முன்னிருக்கைக்காரர் சாய்ந்தாலே மேசைத்தட்டு குலுங்கும். பார்க்க வேண்டியவற்றை முன்கூட்டியே மடிக்கணினிக்கோ தம்ப் டிரைவுக்கோ நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

தரையிறங்கியதும் உடனே மாட்டலாமா?

கொஞ்சம் பொறுங்கள். குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலை வெளியே வைத்ததும் வேர்ப்பதுபோல, குளிர்ந்த வட்டின் மேலும் ஈரம் படியும். சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் மிகுதி. ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எதன் மேலும் இங்கே வேர்வை கட்டிவிடும். திருச்சியிலிருந்து கைப்பையில் வரும் வட்டுக்கு இது பெரிய சிக்கலில்லை. லண்டன் குளிரிலிருந்தோ, ஜனவரி மாத டில்லியிலிருந்தோ, சரக்கறையில் கிடந்த பெட்டியிலிருந்தோ வரும் வட்டுக்குத்தான் எச்சரிக்கை தேவை.

புறப்படும் முன்பே வட்டை ஜிப்லாக் பையில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இட்டு மூடிவிடுங்கள். வீடு வந்தபின் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை மூன்று நான்கு மணி நேரம் விட்டுவிடுங்கள்; ஈரம் பையின் வெளிப்புறத்தில் படிந்து காய்ந்துவிடும்.

எஸ்எஸ்டி வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையா?

அதிர்ச்சியைப் பொறுத்தவரை இல்லை. சுழலும் பாகம் எதுவும் இல்லாததால், அடிக்கடி பறப்பவர்களுக்கு நான் எஸ்எஸ்டியையே பரிந்துரைக்கிறேன். ஆனால் அதில் தரவு மின்னூட்டமாகத் தங்கியிருக்கிறது, மின்னூட்டம் காலப்போக்கில் கசியும். எழுதும் ஆயுள் முடியும் நிலையில் உள்ள சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 பாகை செல்சியசில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே தொழில்துறைத் தர அளவு. புதிய எஸ்எஸ்டி அதைவிட நெடுங்காலம் காக்கும் என்றாலும், ஊர் வீட்டில் வெயில் காயும் மாடியறை அலமாரியில் ஆண்டுக்கணக்கில் போட்டுவைப்பதற்கு அது ஏற்றதல்ல. எடுத்துச் செல்ல எஸ்எஸ்டி, வைத்துக் காக்க ஹார்ட் டிஸ்க் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

பவர் பேங்க் விதிகள் ஹார்ட் டிஸ்க்குக்கும் பொருந்துமா?

பொருந்தா, சாதாரண வட்டில் பேட்டரி கிடையாது. கம்பியில்லாமல் இயங்கும் சில வகைகளில் லித்தியம் பேட்டரி இருக்கும், அவற்றைக் கைப்பையில் வைப்பதே நல்லது. 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் பவர் பேங்க்கைக் கொண்டு எதையும் மின்னூட்டக்கூடாது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள்.

நான் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறேன். வீட்டுக் கணினிகள் எல்லாம் வலையமைப்பு வழியே பகிரும் சேமிப்புப் பெட்டியான நாஸை, அதன் நான்கு வட்டுகளோடு அப்படியே கொண்டு போகலாமா?

வட்டுகளைக் கழற்றுங்கள். பெட்டிக்குள் இருக்கும் வட்டு ஒவ்வொன்றும் ஏறக்குறைய முக்கால் கிலோ. பெட்டி விழுந்தால் அந்த எடை முழுவதும் செருகும் முனைகளில் இறங்கும். கழற்றும்போதே எந்த அறையில் எது இருந்தது என்று வட்டின் மேல் 1, 2, 3, 4 என்று எழுதிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நாஸ் பெட்டியைச் செக்-இன்னில் விடலாம், வட்டுகள் கைப்பையில் வரட்டும். நான்கையும் ஒரே பையில் வைக்காமல், இரண்டை உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ கொடுங்கள். நாஸில் ஒரு வட்டு போனாலும் தாங்கும் ஏற்பாடு இருப்பதால் நகல் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே பை காணாமற்போனால் அந்த ஏற்பாட்டால் பயனில்லை.

சுங்கத்தில் என்ன கேட்பார்கள்?

பயன்படுத்திய சொந்த வட்டு ஒன்றிரண்டு இருந்தால் பொதுவாக யாரும் எதுவும் கேட்பதில்லை. முத்திரை பிரிக்காத புதிய வட்டுகள் பல இருந்தால், விற்பனைக்குக் கொண்டு வருவதாக எண்ண இடமுண்டு. ரசீதை வைத்துக்கொண்டு நீங்களே முன்சென்று அறிவித்துவிடுவது நல்லது. சிங்கப்பூருக்குள் வரும்போது புதிய பொருள்களுக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்துவிட்டு வருவோருக்கு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையும், அதற்குக் குறைவாக இருந்தவர்களுக்கு 100 வெள்ளி வரையும் விலக்கு இருக்கிறது. ஆனால் வேலை அனுமதி, எம்பிளாய்மென்ட் பாஸ், மாணவர் அட்டை, சார்ந்திருப்போர் அட்டை உள்ளவர்களுக்கு அந்த விலக்கு இல்லை என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

வட்டு தொலைந்துபோனால் அதிலுள்ளவற்றை யாராவது பார்த்துவிடுவார்களே?

மறையாக்கம் செய்துவிடுங்கள், அதாவது கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவிடுங்கள். விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர், மேக்கில் டிஸ்க் யூட்டிலிட்டி, இரண்டிலும் இயங்கும் வெராகிரிப்ட் என்று வழிகள் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு: கடவுச்சீட்டு நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, சம்பளச் சீட்டு எல்லாம் பெரும்பாலும் அந்த வட்டில்தான் கிடக்கின்றன. கடவுச்சொல் மறந்தால் திறக்க உதவும் மீட்புக் குறியீட்டை அதே பையில் தாளில் எழுதி வைக்காமல், வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் செல்லுங்கள். அலுவலகத் தரவு என்றால் முதலாளியின் எழுத்து அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு எடுத்துச் செல்லவே வேண்டாம்.

எல்லாவற்றையும் மேகத்தில் (இணையவழிச் சேமிப்பில்) ஏற்றிவிட்டால் வட்டே வேண்டாமே?

ஏற்றுவது இங்கே எளிது, இறக்குவது அங்கே கடினம். ஒரு டெராபைட் தரவு நொடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள இணைப்பில் இரண்டேகால் மணி நேரத்தில் போய்விடும். ஊரில் நொடிக்கு 20 மெகாபிட் கிடைத்தால் அதே தரவு இறங்க நான்கரை நாளுக்கு மேல் ஆகும், இடையில் மின்சாரம் போகாமல் இருந்தால். இரண்டையும் செய்வதே என் வழக்கம்.

ஊர் போய் மாட்டினால் "டக், டக்" என்று சத்தம் கேட்கிறது. என்ன செய்வது?

அந்த நொடியே கழற்றிவிடுங்கள். மறுபடி மாட்டிப் பார்க்காதீர்கள்.

இதை நான் அனுபவித்தே எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மா பாடிய நடவுப் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் திருச்சி வீட்டில் பதிவு செய்து, ஒரே வட்டில் வைத்து, செக்-இன் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே இட்டுச் சிங்கப்பூருக்குக் கொண்டு வந்தேன். மாட்டியபோது அந்தச் சத்தம் வந்தது. இந்த முறை வந்துவிடும், அடுத்த முறை வந்துவிடும் என்று அன்றிரவு மட்டும் பத்துத் தடவைக்கு மேல் மாட்டினேன். உடைந்த முனை ஒவ்வொரு தடவையும் தட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டியிருக்கிறது. பின்னர் தரவு மீட்கும் நிலையம் ஒன்றில் கொடுத்தபோது, முதல் சத்தத்திலேயே நிறுத்தியிருந்தால் பெரும்பகுதியை எடுத்திருக்கலாம் என்றார்கள். பதினேழு பாட்டில் ஆறு கிடைத்தன. அம்மா இப்போது இல்லை.

குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்றும், தட்டினால் சரியாகும் என்றும் சொல்பவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். வட்டைத் திறக்காதீர்கள், தூசியற்ற அறை உள்ள மீட்பு நிலையத்திடம் மட்டுமே கொடுங்கள்.

புறப்படும் முன் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் எது?

பறக்கும் வட்டில் இருப்பது ஒரே பிரதியாக இருக்கக்கூடாது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது இத்துறையில் பழகிய கணக்கு. அது முடியாவிட்டால் குறைந்தது வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும். நகலெடுத்தபின் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச நிரலில் வட்டின் உடல்நிலையையும் பாருங்கள்: கெட்டதால் மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால், அந்த வட்டு பயணத்துக்கு உகந்ததல்ல. கழற்றும்போது கணினியில் வெளியேற்றக் கட்டளை கொடுத்து, சுழற்சி நிற்கப் பத்து நொடி விட்டு, பிறகு கையில் எடுங்கள்.

ஊருக்குப் போகும் தெரிந்தவரிடம் கொடுத்தனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் அவரைச் சங்கடத்தில் விடாமல் அனுப்புங்கள். பையை நீங்களே அடுக்கினீர்களா, பிறர் கொடுத்தது ஏதும் உண்டா என்ற கேள்வி விமான நிலையத்தில் வந்தால் அவர் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகையால் நூல் போட்டுத் தைத்த பொட்டலமாகக் கொடுக்காமல், திறந்து காட்டக்கூடிய உறையில் கொடுங்கள்; அவர் முன்னிலையிலேயே கணினியில் மாட்டி, என்ன இருக்கிறது என்று காட்டுங்கள். கைப்பையில் வைக்க இடமுண்டா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லை என்று தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், அடுத்து போகிறவரிடம் கொடுத்துக்கொள்ளலாம். மறையாக்கக் கடவுச்சொல்லை அவரிடம் எழுதிக் கொடுக்காமல், வட்டு வீடு போய்ச் சேர்ந்தபின் ஊரில் இருப்பவரிடம் தொலைபேசியில் சொல்லுங்கள்.